ராமு காணாமல் போன வெள்ளிக்கிழமை

குளுவாங்
19 ஜூலை 1943

அன்புள்ள அண்ணன் சபாபதி அவர்களுக்கு, தங்கை வேதநாயகி வணங்கி எழுதுவது. நானும் அவரும் எப்படியோ இருக்கிறோம். நீங்களும் ராஜம்மா அண்ணியும் சுகம்தானே? ஜொகூர் பாருவில் அரிசி ஒழுங்காகக் கிடைக்கிறதா? கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை முன்போல்தானே?

எனக்குச் செவ்வாய்க்கிழமை பிடித்த காய்ச்சல் நேற்றுத்தான் விட்டது. ஆறு நாளும் பாயில்தான் கிடந்தேன். ரயில்வே குவாட்டர்ஸ் வாசலைக்கூடத் தாண்டவில்லை. கஞ்சி வைத்ததும், அரிசிக் கார்டோடு வரிசையில் நின்றதும், எல்லாம் உங்கள் மாப்பிள்ளைதான்.

ஊரே கலங்கிக் கிடக்கிறது. முருகப்பச் செட்டியாரின் மகன் ராமுவை வெள்ளிக்கிழமை காலையிலிருந்து காணோம். நான்கு வயதுப் பிள்ளை. மார்க்கெட் கூட்டத்தில் தாயார் நாச்சியம்மை ஆச்சியின் கையை விட்டவன்தான். ஆச்சி போட்ட கூச்சல் நான் படுத்திருந்த இடம்வரை கேட்டது. சயாமில் ஜப்பான்காரர்கள் போடும் ரயில் பாதையில் பாலத்துத் தூண் நிற்பதற்குப் பிள்ளைகளின் தலையைக் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு. பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள்.

செட்டியார் வீட்டில் துணி துவைக்கும் கருப்பாயியைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். புருஷனை மே மாதம் சயாம் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பது வயதில் செல்லம் என்று ஒரு மகள். ராமு எந்நேரமும் கருப்பாயியின் இடுப்பில்தான் இருப்பான். மூன்று நாளாகக் கால்வாய் கால்வாயாக இறங்கி அவனைக் கூப்பிட்டுத் தேடுகிறாள்.

ஸ்டேஷன் ஆட்களையும் சயாமுக்கு எழுதுகிறார்களாம். அவர் பெயரும் இருப்பதாகச் சொல்கிறார்கள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்குத் தங்கை
வேதநாயகி


ஜொகூர் பாரு
28 ஜூலை 1943

அன்புத் தங்கை வேதாவுக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். உன் காய்ச்சலைப் பற்றிப் படித்ததிலிருந்து அண்ணிக்கு மனசே இல்லை. ரயில் கார்டு வேலுவிடம் பன்னிரண்டு கொய்னா மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிடைப்பது அரிது, வீணாக்காதே.

கருப்பாயியைக் கைது செய்துவிட்டார்கள். தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் அவள் அறையில் அந்தப் பிள்ளையின் சட்டை கிடைத்ததாம். அந்தக் காகிதங்களை மொழிபெயர்த்தது நான்தான். பிள்ளைபிடிக்கும் புரளியால் ஜனங்கள் வேலைக்கு வர மறுக்கிறார்கள், ஆகையால் வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

இந்தக் காலத்தில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். இதைப் பற்றி நீ யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். மாப்பிள்ளை விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது.

உன் நலம் நாடும்
சபாபதி


குளுவாங்
22 ஆகஸ்ட் 1943

அன்புள்ள அண்ணனுக்கு வேதநாயகி எழுதுவது. இருவரும் சுகம். மாத்திரை வந்து சேர்ந்தது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அவர் பெயரைச் சயாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ராமு வழக்கில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் மார்க்கெட்டுக்குக் கிழங்கு வாங்கப் போயிருந்தேன். அப்போது கருப்பாயி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் வேகமாகப் போனதைப் பார்த்தேன். இதை விசாரணை அதிகாரி ராஜசேகரன் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

வேதநாயகி


ஜொகூர் பாரு
30 ஆகஸ்ட் 1943

அன்புத் தங்கை வேதாவுக்கு. இங்கே அண்ணியும் நானும் சுகம். மாப்பிள்ளை வீட்டில் இருப்பது பெரிய நிம்மதி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குக் காய்ச்சல் வந்தது எந்தக் கிழமை, விட்டது எந்தக் கிழமை? இன்னும் கொய்னா வாங்க வேண்டுமானால் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. யோசித்து, தெளிவாக எழுது. பதிலுக்குக் காத்திருப்பேன்.

சபாபதி


ஜொகூர் பாரு
5 அக்டோபர் 1943

வேதாவுக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வேலுவைக் கேட்டால், நீ நன்றாக நடமாடுகிறாய் என்கிறான்.

பதின்மூன்றாம் தேதி விசாரணை. மொழிபெயர்க்கப்போவது நான். விலகிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. தமிழுக்கு இருந்த இன்னொருவரை வடக்கே அனுப்பிவிட்டார்கள். நீ என் தங்கை என்று சொல்லலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

முதல்நாளே வந்து நம் வீட்டில் தங்கு. பேச வேண்டும்.

சபாபதி


ஜொகூர் பாரு
18 அக்டோபர் 1943

வேதாவுக்கு. நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். அண்ணி உனக்காகச் சோறு வடித்து வைத்திருந்தாள். நீ ராஜசேகரன் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டாய் என்று பியூன் சொன்னான்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ கூண்டில் சொன்னது நான்கு வாக்கியம். நான்கையும் மலாயில் சொன்னேன். என் குரல் தடுமாறவில்லை. "அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்று கருப்பாயி கத்தினாள் அல்லவா, அதையும் சொன்னேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு சட்டையைக் காட்டினார்கள். "அது ஆச்சி குடுத்த கந்தல்ங்க. தலவாணி தைக்க வச்சிருந்தேன்" என்றாள். நாச்சியம்மை ஆச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த அம்மாள் பாதி உடம்பாக ஆகிவிட்டாள். தலை நிமிராமல், "எனக்கு ஒண்ணும் நெனவில்லே" என்றாள்.

நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். பிள்ளையை எங்கே விட்டாய்? கருப்பாயி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். "தெரிஞ்சா நானே தூக்கிட்டு ஓடியாந்திருக்க மாட்டேனாங்க?" அதையும் மொழிபெயர்த்தேன். ஏழு வருஷம் கடுங்காவல்.

தீர்ப்பின் நகலைப் படித்துக் காட்ட மறுநாள் ஜெயிலுக்குப் போனேன். விசாரணையில் அடித்த அடியில் அவளுடைய இடது கை மடங்கவில்லை. அந்தக் கையை மற்றக் கையால் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

"ஐயா, நான் சொன்னத ஒண்ணுவிடாம எடுத்துச் சொன்னீங்க. நம்ம பாஷ பேசுற மனுசன் ஒருத்தர் இருந்தீங்களே, அதே போதும்" என்றாள்.

நான் யாருக்கு அண்ணன் என்பது அவளுக்குத் தெரியாது.

மகளுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாள். இத்துடன் வைத்திருக்கிறேன். செல்லத்துக்குப் படிக்கத் தெரியாது. அங்கே படித்துக் காட்ட எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

சபாபதி

(உள்ளே வைத்த காகிதம்)

செல்லம், அம்மா நல்லா இருக்கேன். நீ பயந்துக்காத. வெள்ளையம்மா அத்தை சொல்றதைக் கேட்டு நட. கிழங்கை ஒரே நாள்ல தின்னு தீத்துடாத. அப்பா வந்தா, அம்மா பிள்ளையத் தூக்கலேன்னு நீதான் சொல்லணும். தலைய வாரி முடிஞ்சுக்கோ, பேன் விழுந்துடும். ராமு கெடச்சா ஆளனுப்பிச் சொல்லு.


குளுவாங்
12 டிசம்பர் 1943

அண்ணா, இதை வேலுவின் கையில் கொடுக்கிறேன். தபாலில் போடவில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் உடம்பும் அண்ணி உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். செவ்வாய்க்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை விட்டது.

ஆகஸ்ட் மாதம் ராஜசேகரன் வீட்டுக்கு வந்தார். உங்கள் மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருந்த நேரம். மேசையில் இரண்டு காகிதத்தை வைத்தார். ஒன்று சயாம் பட்டியல். லெட்சுமணன் என்று உங்கள் மாப்பிள்ளை பெயர் மூன்றாவதாக இருந்தது. இன்னொன்று மலாயில் தட்டச்சு செய்திருந்தது.

"இதுல உங்க கையெழுத்து இருக்கட்டும், இல்லேன்னா அதுல உங்க வீட்டுக்காரர் பேரு இருக்கட்டும். எது வேணும்மா?" என்றார்.

"நான் அன்னைக்கு வெளியவே போகலைங்க" என்றேன்.

"எடுத்தது அவதான், எங்களுக்கே தெரியும். பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிறவங்க நீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் கையெழுத்துப் போட்டேன். ஒருவேளை அவளே எடுத்திருப்பாளோ என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் எப்படி நீங்கியது என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டதற்கு, நம் அதிர்ஷ்டம் என்றேன். நான் சாட்சி சொன்னது அவருக்கும் தெரியும். பார்த்ததைச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு இரட்டை டியூட்டி. காய்ச்சலோடு நான் எழுந்து போனேன் என்று சொன்னதை நம்பினார்.

நீங்கள் அனுப்பிய காகிதத்தை ஆறு வாரம் அரிசிப் பானைக்கடியில் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் லயத்துக்குப் போனேன். சாட்சி சொன்னது யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி என்று பேசிக்கொள்கிறார்கள். படித்துக் காட்டினேன். செல்லம் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம். "ராமு கெடச்சா" என்ற இடம் வந்ததும், "இன்னும் கெடைக்கலையே அக்கா" என்றாள்.

செல்லத்தை வைத்துப் பார்த்துக்கொண்ட வெள்ளையம்மாவுக்குச் சொந்தப் பிள்ளைகள் ஐந்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது. நான் செல்லத்தைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், அண்ணா.

செல்லம் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

வேதா


ஜொகூர் பாரு
9 ஜனவரி 1944

அன்புத் தங்கைக்கு. வேலு நேரில் கொண்டுவந்து தருவான். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

நீ எழுதியது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். தெரிந்துதான் மொழிபெயர்த்தேன். இனி அதைக் கிளறிப் பயனில்லை. பொய்ச் சாட்சி என்று ஆனால் உனக்கு ஜெயில், மாப்பிள்ளைக்குச் சயாம். கருப்பாயியை அப்போதும் விடுவார்கள் என்பது என்ன நிச்சயம்? யுத்தம் முடியட்டும்.

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அங்கே பலருக்கும் அப்படித்தான். மாதம் இரண்டு தடவை அண்ணி பச்சைப்பயறு அவித்துக் கொடுக்கிறாள். மலாய்க்கார வார்டர் ஒருவர் கண்டும் காணாததுபோல் விடுகிறார். செல்லம் உன்னிடம் இருப்பதைச் சொன்னேன். "யாருங்க அந்தப் புண்ணியவதி?" என்று கேட்டாள். தெரிந்தவர்கள் என்று சொல்லி வைத்தேன்.

சபாபதி


குளுவாங்
3 மே 1944

அண்ணா, எல்லோரும் நலம்தானே? ராமு கிடைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான்.

சிம்பாங் ரெங்கத்துக்கு அப்பால் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் ஒரு கம்பத்தில் ஜுரம் பரவியிருக்கிறது என்று ஆஸ்பத்திரி டிரெசர் ஜெயபாலன் மருந்து கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே ஒரு மலாய் மாதின் மடியில் ஒரு பையன். சாரோங் கட்டி, மலாய்தான் பேசியிருக்கிறான். வாயில் கசப்பு மருந்தை ஊற்றியதும், "கசக்குது ஆத்தா" என்று அலறியிருக்கிறான். ஜெயபாலன் அங்கிருந்தே செட்டியாருக்கு ஆளனுப்பிவிட்டார். செட்டியார் வீட்டுப் பிள்ளையைத் தவிர இங்கே யார் ஆத்தா என்று கூப்பிடுகிறார்கள்?

அன்று மார்க்கெட்டில் கிழங்கு ஏற்றிய லோரியில் ஏறிச் சாக்குக்குள் தூங்கிவிட்டிருக்கிறான். டிரைவர் பாதி வழியில் பார்த்துப் பயந்துபோய்க் கம்பத்து ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மாள் பெயர் மக் லிஜா. பிள்ளை இல்லாதவள். சயாமுக்குப் போனவர்கள் விட்டுப் போன பிள்ளை என்று எடுத்து வளர்த்திருக்கிறாள். செட்டியார் கோபமாகக் கேட்டதற்கு, "விசாரிச்சிருக்கலாம். விசாரிச்சா யாராவது வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்களே" என்று மலாயில் சொல்லி அழுதாளாம். செட்டியார் அவள்மேல் புகார் கொடுக்கவில்லை.

தூக்கியவர்கள் யாருமே இல்லை, அண்ணா. கருப்பாயியும் இல்லை, வேறு யாரும் இல்லை.

நாச்சியம்மை ஆச்சி என் வீட்டுக்கு வந்தாள். ராமு அவளிடம் போகாமல் மக் லிஜாவைத் தேடி மக், மக் என்று அழுகிறானாம். வாசலில் நின்றபடியே, "அந்தச் சட்டைய நாந்தான் குடுத்தேன். அவதான் எடுத்தான்னு எல்லாரும் சொன்னாக, நானும் வாய மூடிக்கிட்டேன். நீங்க எதப் பாத்தீக?" என்று கேட்டாள். நான் உட்காரப் பாய் எடுத்துப் போட்டேன். அவள் உட்காராமலே போய்விட்டாள்.

கருப்பாயியை விடச் சொல்லிச் செட்டியார் மனு அனுப்புகிறார். நானும் வந்து சொல்லிவிடுகிறேன். எப்போது வரட்டும்?

வேதா


ஜொகூர் பாரு
12 மே 1944

வேதாவுக்கு. சுகம். பிள்ளை கிடைத்த செய்தி கேட்டு அண்ணி அழுதே விட்டாள்.

செட்டியாரின் மனு வந்து சேர்ந்தது. அது போதும். நீ அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. மேலே அனுப்பியிருக்கிறது. நான் கடிதம் போடும்வரை குளுவாங்கை விட்டு அசையாதே. இது அண்ணன் சொல்.

சபாபதி


ஜொகூர் பாரு
14 ஜூலை 1944

வேதாவுக்கு. இதை வேலு நேரில் தருவான். உன் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையை இரண்டாம் தேதி சயாமுக்கு ரயிலில் ஏற்றிவிட்டார்கள் என்று வேலு சொன்னான்.

நீ ஜூன் பத்தொன்பதாம் தேதி எனக்குச் சொல்லாமலே வந்து கோர்ட்டில் நின்றாய். "நான் அன்று வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய்" என்றாய். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அப்போது என் குரல் தடுமாறியது. உன்மேல் வழக்கு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். இதுவரை காகிதம் வரவில்லை.

கருப்பாயியை விடுதலை செய்யும் உத்தரவு பத்தாம் தேதி கையெழுத்தாயிற்று. அதை எடுத்துக்கொண்டு நானே ஜெயிலுக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழாம் தேதி இறந்துவிட்டாள் என்றார்கள். வீக்கம் கால்களிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். அன்று பதினோரு பேர், தனித்தனியாகத் தெரியாது என்றார்கள். உத்தரவை என்ன செய்வது என்று கேட்டேன். கோப்பில் சேர்த்துவிடச் சொன்னார்கள்.

இதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம். உனக்கு ஒருபோதும் தெரியவராது. ஆனாலும் எழுதுகிறேன். செட்டியாரின் மனு மே எட்டாம் தேதி மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. மேலே அனுப்பியிருக்கிறது என்று உனக்கு எழுதினேன். அனுப்பவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வழக்கை மறுபடி திறந்தால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாற்பத்திரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. நீ வந்து நின்ற அன்றுதான் எடுத்தேன்.

அந்த நாற்பத்திரண்டு நாளில் மூன்று தடவை அவளைப் பார்த்தேன். மூன்று தடவையும் பயறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ராமு கிடைத்ததைச் சொன்னேன். ஒரு கையாலேயே மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ என்னை விட்டுடுவாங்கல்ல ஐயா?" என்றாள். விட்டுவிடுவார்கள் என்றேன்.

சபாபதி


குளுவாங்
6 ஆகஸ்ட் 1944

அண்ணாவுக்கு வேதநாயகி எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள்மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை.

அவர் சயாமுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே பெட்டியில் துணியை அடுக்கி முடித்தார். பிறகு, "கேட்டிருந்தா நான் அப்பவே போயிருப்பேனே வேதா" என்றார். ரயில் நகரும்போது செல்லத்தைப் பார்த்துத்தான் கையை ஆட்டினார்.

செல்லத்திடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் காலையில், "அம்மா இன்னைக்கு வருவாங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராமு கிடைத்ததிலிருந்து அவளுக்கு அந்த நினைப்புத்தான். போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி, கிழங்கு சீவிக்கொண்டிருந்தவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"அம்மா இனிமே வரமாட்டாங்க செல்லம். ஜெயில்லயே செத்துப் போயிட்டாங்க. அவங்க ராமுவத் தூக்கல. தூக்கிட்டுப் போனதப் பாத்தேன்னு கோர்ட்டுல சொன்னது நான்தான். நான் பாக்கவே இல்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ராமுவ அவங்க ஆத்தாகிட்ட குடுத்துட்டாங்கல்ல?" என்றாள்.

"குடுத்துட்டாங்க."

"என்னை யாருகிட்ட குடுப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டாள். நான் தைத்துக் கொடுத்த கவுனைக் கழற்றி மடித்துப் பாயில் வைத்தாள். வந்தபோது உடுத்தியிருந்த சாக்குத் துணியைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடந்தாள். நான் கொஞ்சம் பின்னால் போனேன். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

லயத்து வாசலில் வெள்ளையம்மா நின்றாள். செல்லம் அவளிடம் ஏதோ சொன்னாள். வெள்ளையம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அண்ணா. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் கிழங்கும் கொஞ்சம் கருவாடும் கொண்டுபோய் அந்தப் படியில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்துப் போனால், வைத்தது வைத்தபடி எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு வேறு வைத்தேன். நேற்றுப் போனபோது படி காலியாக இருந்தது. செல்லம் எடுத்தாளா, வெள்ளையம்மாவின் பிள்ளைகள் எடுத்தார்களா, நாய் இழுத்துக்கொண்டு போனதா தெரியவில்லை. கதவு சாத்தியே இருந்தது. இன்றும் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேதநாயகி